அண்டாத் தண்ணீரில் கிடந்த படம்

வடபழனி, சென்னை
3.11.2003

அன்புள்ள அக்கா,

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, நீ கட்டிக் கொடுத்த புளிச்சோறு திண்டுக்கல் தாண்டும் முன்பே தீர்ந்தது. இது இரண்டும் போதும், நான் நன்றாக வந்து சேர்ந்தேன் என்று உனக்குத் தெரிந்துவிடும்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனி திறக்கும்வரை நீ வீட்டில்தான் இருப்பாய் என்ற தைரியத்தில்தான் முதலாளி வீட்டுப் பிலிம் இருக்கும் அந்தத் தகரப் பெட்டியை உன்னிடம் விட்டுவந்தேன். விருதுநகரில் என் வீடியோக் கடைக் கூரை இந்த மழைக்குத் தாங்காது. உன் ஆமத்தூர் வீடு தாங்கும். பெட்டி நனையாமல் மட்டும் பார்த்துக்கொள்.

இங்கே கண்ணுச்சாமி அண்ணன் வேலை சொல்லித் தருகிறார். ஏழாயிரம்பண்ணைக்காரர், சினிமா லேப்பிலேயே தலை நரைத்தவர். வீட்டில் எடுக்கிற படத்துக்கென்று தனி பிலிம் உண்டு, சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். அதை ஓட்டிப் பார்க்க ஒரு குட்டிப் பெட்டி வைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் கையை நீட்டி ரீலைப் பிடித்திருக்கும், நடுவில் தீப்பெட்டி அளவுக்குத் திரை. கைப்பிடியைச் சுற்றினால் ஆட்கள் நடக்கிறார்கள். பின்னால் சுற்றினால் தின்ற இட்லியை வாயிலிருந்து எடுத்து இலையில் வைக்கிறார்கள். இசைவாணி பார்த்தால் உன்னைச் சமைக்க விடமாட்டாள்.

அறுந்த இடத்தை வெட்டி ஒட்டுவதற்கு ஒரு கட்டை இருக்கிறது. ஒட்டியதைப் பழைய புரொஜக்டரில் போட்டு, வெள்ளை அட்டையில் விழவைத்து, வீடியோ கேமராவில் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, சிடியாக்க வேண்டும். புரொஜக்டர் வேகம் சரியாக அமையாவிட்டால் எல்லாரும் மத்தாப்பு வெளிச்சத்தில் நிற்பதுபோல மினுக்குகிறார்கள். அதைத்தான் இப்போது பழகுகிறேன். பழகுவதற்குக் குப்பை பிலிம் இருக்கிறது. முதலாளி வீட்டுப் பிலிமில் கை வைக்க இன்னும் தைரியம் வரவில்லை.

காசிராஜன் முதலாளி பெட்டியைக் கொடுத்தபோது சொன்னதை உன்னிடம் சொன்னேனா? "ஏலே, பாப்பா அவ அம்மாவ போட்டோவிலதான் பாத்திருக்கா. நடந்து பாத்ததில்ல. தை மாசக் கல்யாணத்துல அவளுக்குக் காட்டணும்லே" என்றார். பொன்னுத்தங்கம் அம்மா காய்ச்சலில் போனபோது அவர் மகள் ஆர்த்தி கைக்குழந்தை. அதற்குப் பிறகு முதலாளி இந்தப் படங்களை எடுத்த கேமராவைத் தொடவே இல்லையாம். நீ வேலை பார்க்கிற கம்பெனி முதலாளி என்பதால் சொல்லவில்லை, மனுசன் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு இன்னும் பிடித்துக்கொண்டே நின்றார்.

மச்சானுக்கும் அத்தைக்கும் என் அன்பு.

செல்வக்குமார்


ஆமத்தூர்
14.11.2003

தம்பி செல்வாவுக்கு அக்கா எழுதுவது.

இங்கே விடாத மழை. கண்மாய் நிரம்பிவிட்டது. அத்தைக்கு முழங்கால் வலி. உன் மச்சானுக்கு லோடு சரியாக இல்லை, லாரி பாதி நாள் நிற்கிறது. கம்பெனி திறக்க இன்னும் ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். இசைவாணி வாய்ப்பாடு படிக்கமாட்டேன் என்கிறாள். மாமா வந்தால்தான் படிப்பாளாம்.

கூடத்தில் ஒழுகியது. அதனால் பெட்டியை இடம் மாற்றி வைத்தேன். பத்திரமாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். மழைக்காலம் என்பதால் கேட்கிறேன், வேறு ஒன்றும் இல்லை. அந்த பிலிம் நனைந்தால் என்ன ஆகும்? துணி மாதிரி காயவைத்தால் சரியாகிவிடும்தானே?

தீபாவளிக்கு முன்னால் போனஸ் கொடுத்த அன்று ஆர்த்திப் பாப்பா கம்பெனிக்கு வந்து எங்கள் எல்லாருக்கும் தன் கையால் இனிப்புக் கொடுத்தது. "நல்லா இருக்கீகளா மாரியக்கா" என்று பெயர் சொல்லிக் கேட்டது. அந்த முகம் ஏனோ ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

மாரிசெல்வி


வடபழனி
18.11.2003

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தில் பாதி மழை, மீதி முழங்கால். படித்து முடிக்கும்போது எனக்கே சளி பிடித்துவிட்டது.

கண்ணுச்சாமி அண்ணனிடம் கேட்டேன். இந்த பிலிம் நனைந்துவிட்டால் செய்யக்கூடாத ஒரே காரியம் அதைக் காயவைப்பதுதானாம். மேலே இருக்கும் பூச்சில்தான் படம் இருக்கிறது. சுருளாக இருக்கும்போதே காய்ந்தால் சுற்றோடு சுற்று ஒட்டிக் கல்லாகிவிடும். பிரித்தால் படம் உரிந்து வந்துவிடும். நனைந்தது நனைந்தபடியே தண்ணீரில் கிடந்தால், ஓரளவுக்காவது தப்பிக்குமாம். ஆனால் நீ ஏன் இதையெல்லாம் கேட்கிறாய்? பெட்டிதான் பத்திரமாக இருக்கிறதே.

ஆர்த்தி போன் செய்திருந்தார். இன்னும் ஒன்றும் ஓட்டிப் பார்க்கவில்லை என்றேன். "அம்மா எப்படி நடப்பாகன்னு தெரியுமாண்ணே? நான் நடக்கறது அம்மா மாதிரியே இருக்குன்னு எல்லாரும் சொல்றாக" என்று கேட்டார்.  அடுத்த வாரம் வந்து பெட்டியை எடுத்துப் போகிறேன்.

செல்வா


ஆமத்தூர்
20.11.2003

செல்வா,

உன் கடிதம் இன்று வந்தது. "காயவைக்கக் கூடாது" என்ற இடத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

பெட்டி பத்திரமாக இல்லை. நான்தான் அதைத் தண்ணீரில் போட்டேன்.

கூடம் ஒழுகியதும் பெட்டியைப் பரணில் ஏற்றினேன். பரண் அடுப்புக்கு நேர் மேலே இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்துச் சமைத்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து ஒரு புளிப்பு வாடை வந்தது, காடி மாதிரி. ஏறித் தொட்டுப் பார்த்தேன். தகரம் சுட்டது.

வேலுத்தாயை உனக்குத் தெரியும். பக்கத்துக் கம்பெனியில் மருந்துக் கலவை ரூமில் இருந்தவள், எங்கள் வேனில்தான் வருவாள். போன வருடம் ஒரு சாயங்காலம் வேனில் என்னிடம் சொன்னாள்: "கலவையில ஒரு வாடை வருதுடி மாரி. தொட்டா சுடுது." நான் அசதியில், "எல்லாம் காலையில பாத்துக்கலாம்டி" என்றேன். மறுநாள் காலையில் அந்த ரூமுக்கும் அவளுக்கும் என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும். அதிலிருந்து எனக்கு வாடை என்றால் உயிர் போய்விடும். சந்தேகம் வந்தால் முதலில் தண்ணீர், கேள்வியெல்லாம் பிறகு. கம்பெனியில் எங்கள் கைக்குப் பழகிப்போனது அது.

நீயும் கிளம்பும்போது சூடு பட்டால் வெடித்துவிடும் என்று சொன்னாயே. இசைவாணி அடுப்படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பெட்டியை இறக்கினேன், புறவாசலுக்கு ஓடினேன், மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்த அண்டாவில் டப்பா டப்பாவாகத் திறந்து கவிழ்த்தேன். புகை இல்லை, சத்தம் இல்லை. சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. 

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. உனக்குத் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு டப்பா மேல் முதலாளி கையெழுத்தில் "ஆர்த்தி, மூன்று மாதம்" என்று இருந்தது. எது போனாலும் இது போகக்கூடாது என்று அந்த ரீலை மட்டும் எடுத்து, அடுப்புக் கதகதப்பில் வைத்துக் காயவைத்தேன். கல்லாகிவிட்டது. மற்றதைத் தொடப் பயந்து அண்டாவிலேயே விட்டுவிட்டேன். தினமும் மூடியைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன்.

சோலைச்சாமி கடை டெலிபோன் பூத்தில் நின்று இதைப் பேசினால் தெருவே கேட்கும். தெருவில் பாதிப் பேர் முதலாளி கம்பெனிதான். அதனால் எழுதி, உன் மச்சானிடம் கூரியரில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். உடனே வா. வந்து என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

அக்கா


வடபழனி
29.11.2003

அன்புள்ள அக்கா,

என்ன வேண்டுமானாலும் சொல் என்று எழுதியிருந்தாய். நானும் வந்து சொல்லித் தீர்த்துவிட்டேன். அத்தை முன்னாலும் இசைவாணி முன்னாலும், "எட்டாவது வரைக்கும் படிச்சவதான நீ? மூளைய அடகு வச்சிட்டியா" என்று கத்தினேன். 

ரீல்களை மூடி போட்ட பெயிண்ட் வாளியில் தண்ணீரோடு வைத்து, காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ரயிலில் வந்தேன். விழுப்புரம் பக்கம் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். முதல் தடவை படித்தபோது "நீயும் கிளம்பும்போது சொன்னாயே" என்ற வரி என் கண்ணில் படவே இல்லை அக்கா.

அது பொய்.

இசைவாணி டப்பாவைத் திறந்து பிலிமை ரிப்பன் மாதிரி இழுக்கப் பார்த்தாள். "தொடாத! சூடு பட்டா சரவெடி மாதிரி போயிரும்" என்று அவளைப் பயமுறுத்தினேன். அடுப்படியில் நீ இருந்தது எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், உன்னிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்துப் பெரிய சினிமா பிலிம்தான் தீப்பிடிக்கும். இது அப்படி எரியாத பிலிம். பழசானால் காடி வாடை அடிக்கும், அவ்வளவுதான். எந்த ஊரில், யார் வீட்டில் நின்றுகொண்டு வெடிக்கும் என்று விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நினைத்தால் எனக்கு என் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை. நேரில் சொல்ல வெட்கம். அதனால் எழுதுகிறேன்.

இருக்கிற நிலவரம் இது. கண்ணுச்சாமி அண்ணன் ஒவ்வொரு ரீலாகக் கழுவி, அறை முழுக்கக் கயிறு கட்டி, பிரித்து உலர்த்தினார். வெளிச்சுற்றெல்லாம் கரைந்து போயிற்று. உள்சுற்றுகளில் படம் நிற்கிறது. ஒன்றில் பொன்னுத்தங்கம் அம்மா மொட்டைமாடியில் மிளகாய் வத்தல் காயப்போடுகிறார். கேமரா வருவதைப் பார்த்து எழுந்து, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே நடந்து போகிறார். சிவப்பு மட்டும் கொஞ்சம் வழிந்திருக்கிறது. வெட்டி ஒட்டிவிட்டேன். நீ தண்ணீரிலேயே விட்டதால்தான் இதுவாவது மிஞ்சியது என்கிறார் அண்ணன்.

மூன்று மாத ரீலில் ஒன்றும் இல்லை. நாம் இரண்டு பேரும் புறவாசலில் ஊறவைத்துப் பிரித்தோமே, அதோடு போயிற்று. இப்போது வெறும் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

முதலாளிக்குப் போன் செய்து, என் கடைக் கூரை ஒழுகி நனைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.  "சரி, இருக்கறதக் குடுலே" என்றார். உன் பேச்சு எங்கும் வராது. நிம்மதியாக வேலைக்குப் போ.

செல்வா


ஆமத்தூர்
7.12.2003

செல்வா,

உன் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். இசைவாணி பிடுங்கிக்கொண்டாள்.

கோபம் வந்தது. ஒருநாள் முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே பட்டாசுக் குழல் உருட்டினேன். என் பிள்ளை வெந்துவிடுமோ என்று நான் ஓடின ஓட்டம் உனக்கு விளையாட்டாகப் போனதே என்று ஆத்திரம். சாயங்காலம் வேனில் வரும்போது அடங்கிவிட்டது. தண்ணீரில் போட்டதில் உன் பங்கு இருக்கட்டும். ஈர ரீலை ஒளித்து ஒளித்து அடுப்பில் காயவைத்தேனே, அது நீ சொல்லியா செய்தேன்? அன்றைக்கே உனக்குச் சொல்லியிருந்தால் பாப்பாவின் ரீல் பிழைத்திருக்கும். அந்தப் பாவம் முழுக்க என்னுடையது. அதை நீ எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போய் நிற்க வேண்டாம்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. புறவாசலில் பிரித்தபோது பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு, நீ பிலிம் ஓரத்து ஓட்டைகள் கிழியாமல் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் படத்தைப் பார்த்தேன். அந்த அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை பிள்ளையின் தலைக்கு அடியில். நிமிர்ந்து எதிரே யாரிடமோ ஏதோ சொல்கிறார், வாய் திறந்திருக்கிறது. இன்னும் சரியாகப் பார்க்கலாம் என்று கட்டைவிரலால் லேசாகப் பிடித்தேன். படம் வழுக்கி என் விரலோடு வந்துவிட்டது. விரலில் பழுப்பாக ஒரு கறை. அதனால்தான் அன்று நான் சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

அந்த விரலால்தான் தினமும் இசைவாணிக்குச் சோறு பிசைகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளையை அழவைக்கக் கூடாது. முடிந்ததும் நானே போய்ச் சொல்வேன். வேலை போனால் போகட்டும். நீ குறுக்கே வராதே.

மாரிசெல்வி


ஆமத்தூர்
22.2.2004

செல்வா,

கல்யாணத்தன்று நீ மிஷின் பக்கம் நின்றாய். நான் பந்திக் கூடத்து ஓரத்தில் கம்பெனிப் பெண்களோடு நின்றேன். அந்த அம்மா மாடியில் நடந்து போனதும் மண்டபமே சத்தம் அடங்கிவிட்டது. ஆர்த்திப் பாப்பா எழுந்து நின்றுவிட்டது. "இன்னொரு தரம், இன்னொரு தரம்" என்று அது கேட்கக் கேட்க நீ போட்டுக்கொண்டே இருந்தாய். எல்லாரும் சந்தோசத்தில் அழுதார்கள். நான் அழுதது வேறு.

நேற்று பாப்பா மறுவீட்டுக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன், வாடையிலிருந்து விரல்வரைக்கும். கடைக் கூரை ஒழுகியது என்ற உன் பொய்யையும் சொன்னேன், மன்னித்துக்கொள்.  பாப்பாவின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. "சரி, போயிட்டு வரேன் பாப்பா" என்று எழுந்தேன்.

"இருங்க. அம்மா என்ன செஞ்சாக? மறுபடி சொல்லுங்க" என்றது.

சொன்னேன்.

"என்னப் பாத்தாகளா?"

"கை ஒங்க தலைக்கடியில இருந்துச்சு பாப்பா. மொகம் நிமிந்து இருந்துச்சு."

"மறுபடி."

மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை என் வாயிலிருந்து, "கையில பச்சை வளையல் போட்டிருந்தாக" என்று வந்துவிட்டது. முதல் இரண்டு தடவை நான் அதைச் சொல்லவில்லை. பாப்பா அதைக் கேட்டதும்தான் அழ ஆரம்பித்தது. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னது:

"எனக்கு ஒங்க மேல கோவம் தீரல மாரியக்கா. தீரும்னும் தோணல. ஆனா அந்தப் படம் ஒங்க கண்ணுல மட்டும்தான் இருக்கு. நான் பொங்கலுக்குப் பொங்கல் வருவேன். நீங்க வந்து சொல்லிட்டுப் போகணும். அப்பாகிட்ட சொல்லமாட்டேன். வேலைக்கு எப்பவும் போல வாங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. வளையலை நான் நிஜமாகவே பார்த்தேனா, பிள்ளை ஏங்குகிறதே என்று சேர்த்துச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. கண்ணை மூடினால் பச்சை வளையல் தெரிகிறது. ஆனால் நான் சொன்ன பிறகுதான் தெரிகிறது. ஒரு அம்மாவை அழித்தது போதாதென்று, இல்லாத வளையலையும் போட்டுவிட்டேனோ?

நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். உன் கண்ணில் ஏதாவது பட்டதா? அந்த ரீலில் எங்காவது ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறதா பார். பச்சை இல்லை என்றால் இல்லை என்று எழுது. போய் மாற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா


விருதுநகர்
28.2.2004

அன்புள்ள அக்கா,

கண்ணுச்சாமி அண்ணன் பிலிம் ஓட்டிப் பார்க்கும் அந்தக் குட்டிப் பெட்டியை எனக்கே கொடுத்துவிட்டார். உன் கடிதம் வந்த அன்று கடையைச் சாத்திவிட்டு, மூன்று மாத ரீலை அதில் மாட்டி முதலிலிருந்து கடைசிவரை மெதுவாகச் சுற்றினேன். வெறும் வெளிச்சம்தான். ஒரே ஒரு இடத்தில் ஓரமாகக் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. அதில் தண்ணீர்ச் செம்பும் தரையும் தெரிகிறது. கை இல்லை.

அன்று புறவாசலில் நான் ஓட்டையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் தெரியாது. உன்னிடம் இதை மறைக்கமாட்டேன்.

ஆனால் உன் கடிதம் வருவதற்கு முன்பே ஆர்த்தி போன் செய்துவிட்டார். கோயம்புத்தூர் புகுந்த வீட்டிலிருந்து. என்னைத் திட்டுவார் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். திட்டவில்லை. "அண்ணே, மாரியக்கா சொன்னாக, அம்மா பச்சை வளையல் போட்டிருந்தாகளாம். நீங்களும் பக்கத்துல இருந்து பாத்தீகதானே?" என்று கேட்டார்.

பார்த்தேன் என்றேன். பச்சைதான் என்றேன்.

இசைவாணியிடம் சொன்ன பொய் சிரித்துக்கொண்டே வந்தது. இது அப்படி வரவில்லை, ஆனால் அதைவிடச் சுலபமாக வந்துவிட்டது. 

நீ போய் மாற்றிச் சொல்ல வேண்டாம் அக்கா. அவர் அன்றே கடைக்குப் போய் அதே மாதிரி பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டாராம். முதலாளி சொன்னார். அடுத்த பொங்கலுக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் உன் முன்னால் வந்து உட்காருவார். நீ பச்சை என்றே சொல்.

செல்வா